க்ளோப் நாடகக் கொட்டகை: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வரும் சொந்தக்காரர்களையும் ஊர் நண்பர்களையும் தேம்ஸ் கரைக்கு அழைத்துப் போவது பல வருடங்களாக என் பொறுப்பு. க்ளோப் கொட்டகையின் வாசலில் நின்றதும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஆங்கில இலக்கியம் படித்த பிள்ளைகள் கேட்பதும், ஷேக்ஸ்பியர் என்ற பெயரை மட்டுமே கேள்விப்பட்ட அத்தை கேட்டதும் பெரிதாக வேறுபடவில்லை. வாயால் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்டதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து இங்கே எழுதுகிறேன்.

"ஆத்தங்கரையில இருக்கே, இது ஷேக்ஸ்பியர் நடிச்ச அதே கொட்டகைதானே?"

இல்லை. நீங்கள் பார்ப்பது 1997-இல் திறக்கப்பட்டது. வரிசைப்படி இது மூன்றாவது க்ளோப். முதலாவது 1599-இல் கட்டப்பட்டு 1613-இல் எரிந்துபோனது. அதே அஸ்திவாரத்தின் மேல் 1614-இல் இரண்டாவது எழுந்தது. அதை 1642-இல் மூடினார்கள், அடுத்த சில வருடங்களில் இடித்துவிட்டார்கள். அப்புறம் சுமார் முந்நூற்றைம்பது வருடம் அந்தக் கரையில் க்ளோப்பே கிடையாது.

இதைச் சொன்னதும் அத்தைக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ சினிமாவுக்குப் போடற மாதிரி செட்டா?" என்றார். செட்டு என்றால் முன்பக்கம் மட்டும் இருக்கும், பின்னால் முட்டுக்கொடுத்த பலகை நிற்கும். இது முழுக்க ஓக் மரத்தால் கட்டப்பட்ட கட்டடம். உள்ளே போனதும் ஏதாவது ஒரு தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு மரத்தில் துளை, மற்றதில் அதற்கேற்ற நாக்கு, இரண்டையும் கோத்துக் குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள். ஆணியின் தலை கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், சீவி விடாமல். 1599-இல் தச்சர்கள் செய்த முறை அதுதான்.

"அப்போ நிஜமான இடம் எங்கே? அங்கே போய்ப் பார்க்கலாமா?"

போகலாம், நடக்கிற தூரம்தான். ஆற்றிலிருந்து உள்ளே தள்ளி, பார்க் ஸ்ட்ரீட் என்ற தெருவில் இருக்கிறது. இப்போதைய க்ளோப்பிலிருந்து சுமார் 230 மீட்டர். அங்கே ஆங்கர் டெரஸ் என்ற பழைய குடியிருப்புக் கட்டடத்தின் முன்னால் தகவல் பலகைகளும், தரையில் வளைவாகப் பதித்த ஒரு கோடும் இருக்கும். பழைய சுவர் போன வழியை அந்தக் கோடு காட்டுகிறது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும்.

வேறு ஒன்றும் இல்லை. ஆனால் நான் அழைத்துப் போகிறவர்களை முதலில் இங்கேதான் நிறுத்துவேன். லியர், ஒத்தெல்லோ, மேக்பெத் என்று பாடப் புத்தகத்தில் படித்ததெல்லாம் இந்தச் சின்னத் தெருவில் மேடையேறியவை. அதை மனதில் வாங்கிக்கொண்டு புதுக் கட்டடத்துக்குப் போனால் அது வேறு மாதிரித் தெரியும்.

"ஷேக்ஸ்பியர்தான் க்ளோப்போட முதலாளியா?"

முதலாளிகளில் ஒருவர். கட்டடத்தில் பாதிப் பங்கு பர்பேஜ் சகோதரர்களான கத்பர்ட், ரிச்சர்ட் இருவருக்கும். மறு பாதியை, ஷேக்ஸ்பியர் இருந்த நாடகக் கம்பெனியின் நடிகர்கள் ஐந்து பேர் பிரித்துக்கொண்டார்கள்: ஷேக்ஸ்பியர், ஜான் ஹெமிங்ஸ், அகஸ்டின் பிலிப்ஸ், தாமஸ் போப், கோமாளி வேடத்துக்குப் பேர்போன வில் கெம்ப். ஆக ஷேக்ஸ்பியரின் பங்கு பத்தில் ஒன்று. கெம்ப் சீக்கிரமே விலகினார். பின்னால் புதியவர்கள் சேரச் சேர ஒவ்வொருவர் பங்கின் அளவும் மாறியது.

இந்த ஏற்பாடு அந்தக் காலத்தில் புதுசு. அதுவரை கொட்டகைக்காரர் ஒருவர், நடிகர்கள் வாடகைக்கு ஆடுகிறவர்கள். இங்கே நடிகர்களே கொட்டகையில் பங்காளிகளானார்கள். ஷேக்ஸ்பியர் பணம் சேர்த்தது நாடகம் எழுதி விற்றதால் என்பதைவிட, கம்பெனியிலும் கட்டடத்திலும் பங்கு வைத்திருந்ததால் என்பதே சரி. 1599 மே மாதத்து ஆவணம் ஒன்று, புதிதாகக் கட்டிய வீடு ஒன்று வில்லியம் ஷேக்ஸ்பியர் மற்றும் சிலர் வசம் இருப்பதாகக் குறிப்பிடுகிறது. அந்த வீடுதான் க்ளோப்.

"வேற ஒருத்தர் கொட்டகையைப் பிரிச்சு மரத்தைத் திருடிட்டு வந்து கட்டினாங்களாமே?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பர்பேஜ் சகோதரர்களின் அப்பா ஜேம்ஸ் பர்பேஜ் 1576-இல் லண்டனுக்கு வடக்கே ஷோர்டிச் பகுதியில் ஒரு கொட்டகை கட்டினார். பெயரே 'தியேட்டர்'தான். மனை கைல்ஸ் ஆலன் என்பவருடையது, 21 வருடக் குத்தகை. 1597-இல் குத்தகை முடிந்தது. புதுப்பிக்க ஆலன் இழுத்தடித்தார். இதற்கிடையில் ஜேம்ஸ் 600 பவுண்டு கொடுத்து நகருக்குள் பிளாக்ஃபிரையர்ஸ் என்ற இடத்தில் ஒரு கூடத்தை வாங்கி உள்ளரங்கமாக மாற்றியிருந்தார். அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள், எங்கள் தெருவில் நாடகம் வேண்டாம் என்று மனுப் போட்டுத் தடுத்துவிட்டார்கள். போட்ட பணம் முடங்கிப்போன நிலையில் 1597-இல் அவர் இறந்தார். பிள்ளைகள் கையில் ஆடமுடியாத கூடம் ஒன்று, குத்தகை முடிந்த கொட்டகை ஒன்று.

1598 டிசம்பர் 28. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆலன் ஊரில் இல்லை. சகோதரர்கள், பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சு மேஸ்திரியையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கொட்டகையைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். மேலே மர ஆணி பற்றிச் சொன்னேன் அல்லவா? அப்படிக் கோத்த கட்டடத்தை ஆணியைத் தட்டி எடுத்து, மரம் மரமாகப் பிரித்து, மறுபடி வேறு இடத்தில் கோக்க முடியும். ஓக் மரத்தில்தான் காசே இருந்தது. அந்த மரங்களை வைத்துத்தான் ஆற்றுக்குத் தென்கரையில் க்ளோப் எழுந்தது.

திருட்டா என்றால், குத்தகைப் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது: குத்தகைக்காரர் மனையில் 200 பவுண்டு செலவு செய்திருந்தால் தான் எழுப்பிய கட்டடத்தைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். ஆலன் சும்மா விடவில்லை. கத்தி, கோடரியோடு வந்து ரகளை செய்தார்கள், 700 பவுண்டு கட்டடம் போனது, கூடவே 40 ஷில்லிங் மதிப்புள்ள புல்லையும் மிதித்து நாசமாக்கினார்கள் என்று வழக்குப் போட்டார். அவருக்குச் சாதகமாக எதுவும் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், மனை அவருடையது, மரம் இவர்களுடையது. திருட்டு என்ற சொல் நியாயம் இல்லை.

உறைந்துபோன தேம்ஸின் மேல் இரவோடு இரவாக மரங்களை இழுத்துப் போனார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கிடையாது. மேஸ்திரி ஸ்ட்ரீட்டின் பட்டறை ஆற்றின் வடகரையிலேயே இருந்தது. மரங்கள் அங்கே அடுக்கப்பட்டுப் பிறகு படகில் அக்கரை சேர்ந்திருக்கும் என்பதே நம்பும்படி இருக்கிறது.

"ஊருக்குள்ள கட்டாம ஏன் அக்கரையில போய்க் கட்டினாங்க?"

லண்டன் மேயருக்கும் நகரசபைக்கும் நாடகம் என்றாலே ஆகாது. கூட்டம் சேர்ந்தால் கொள்ளை நோய் பரவும், தொழில் பழகும் பையன்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள், கோயிலுக்குப் போக வேண்டிய நேரத்தில் ஜனங்கள் கூத்துப் பார்ப்பார்கள் என்று வரிசையாகக் காரணம் சொன்னார்கள். தென்கரை அவர்கள் அதிகாரத்துக்கு வெளியே இருந்தது. ரோஸ் கொட்டகை 1587-லும் ஸ்வான் 1595-லும் அங்கே வந்துவிட்டன. கரடியைக் கட்டிவைத்து நாய்களை ஏவிவிடும் கொட்டகை, மதுக்கடைகள், விலைமாதர் வீடுகள் என்று கேளிக்கைக்கான கரையாகவே அது இருந்தது. பழைய தியேட்டர் இருந்த ஷோர்டிச்சும் இதே காரணத்துக்காக நகர எல்லைக்கு வெளியில்தான் இருந்தது.

ஆற்றுக்குக் குறுக்கே இருந்தது ஒரே பாலம். அதனால் நாடகம் பார்க்கப் பெரும்பாலோர் படகில் வந்தார்கள். நாடகம் நடந்தால் படகோட்டிகளுக்கும் பிழைப்பு.

"டிக்கெட் எவ்வளவு? சாதாரண ஜனங்க பார்த்தாங்களா?"

பார்த்தார்கள். ஒரு பென்னி கொடுத்தால் மேடைக்கு முன்னால் திறந்தவெளி முற்றத்தில் நின்று பார்க்கலாம். தரை டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள், உட்காரத்தான் முடியாது. இன்னொரு பென்னி கொடுத்தால் சுற்றிவர மூன்று அடுக்காக உள்ள மாடங்களில் உட்காரலாம், தலைக்கு மேல் கூரை உண்டு. மூன்றாவது பென்னிக்கு மெத்தை. மேடைக்கு அருகே பிரபுக்களுக்குத் தனி அறைகள் இருந்தன. கைத்தொழில் தெரிந்த ஒருவருக்கு நாளைக்குப் பன்னிரண்டு பென்னி அளவில் கூலி கிடைத்த காலம் அது.

இந்த விலையெல்லாம் நமக்குத் தெரிவது தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்து பயணி எழுதிவைத்ததால். 1599 செப்டம்பர் 21 அன்று சாப்பாடு முடிந்து ஆற்றைக் கடந்து, கூரை வேய்ந்த கொட்டகையில் ஜூலியஸ் சீசர் நாடகம் பார்த்ததாகவும், முடிவில் நடிகர்கள் அழகாக ஆடியதாகவும் எழுதியிருக்கிறார். சீசரைக் கொன்று முடித்துவிட்டு மேடையில் ஒரு நடனம்! அன்றைய வழக்கம் அதுதான்.

கூட்டம் மூவாயிரம் பேர் வரை கொள்ளும். இப்போதைய கட்டடத்தில் பாதுகாப்பு விதிகள் காரணமாக அதில் ஏறக்குறைய பாதியைத்தான் விடுகிறார்கள். அந்த மூவாயிரம் பேரின் நெருக்கத்தை யோசித்தால், நடிகன் குரல் எப்படி இருந்திருக்க வேண்டும் என்பது புரியும்.

"கரண்ட் இல்லாத காலத்துல ராத்திரி சீன் எப்படி எடுத்தாங்க?"

நாடகம் நடந்ததே பிற்பகல் இரண்டு மணி வாக்கில், சூரிய வெளிச்சத்தில். கொட்டகை மேல் கொடி ஏற்றி, மூன்று முறை எக்காளம் ஊதி ஆரம்பிப்பார்கள். இரவுக் காட்சி என்றால் நடிகர் கையில் தீவட்டியோ மெழுகுவர்த்தியோ இருக்கும். மீதியை வசனம் செய்துவிடும். மேக்பெத்தில் பாங்கோ வந்ததும் தன் மகனிடம், இரவு எவ்வளவு கழிந்தது என்று கேட்பார். பையன், நிலா இறங்கிவிட்டது, மணி அடித்ததைக் கேட்கவில்லை என்பான். இந்த இரண்டு வரியில் பட்டப்பகல் நடுநிசியாகிவிடுகிறது. ஷேக்ஸ்பியர் ஏன் இத்தனை இடங்களில் நேரத்தையும் வானத்தையும் வசனத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று வகுப்பில் எனக்குப் புரிந்ததில்லை. முற்றத்தில் நின்ற அன்றுதான் புரிந்தது.

மேடைக்கு மேலே இரண்டு தூண்கள் தாங்கும் ஒரு கூரை, அதன் அடிப்பக்கம் வானம்போல் வண்ணம் தீட்டியிருக்கும். அதற்குப் பெயர் சொர்க்கம். மேடைத் தரையில் ஒரு பொறிக்கதவு, அதன் கீழே நரகம். ஹாம்லெட்டின் அப்பாவின் ஆவி ஓரிடத்தில் தரைக்கு அடியிலிருந்து பேசுவது இதனால்தான்.

"பொம்பளை வேஷம் யார் போட்டது?"

பையன்கள். குரல் உடையாத வயதில் கம்பெனியில் சேர்ந்து, ஒரு மூத்த நடிகரிடம் தொழில் பழகியவர்கள். ஜூலியட், டெஸ்டிமோனா, கிளியோபாட்ரா எல்லாமே இவர்கள் கையில்தான். இங்கிலாந்தில் தொழில்முறை மேடையில் பெண்கள் நடிக்க வந்தது 1660-க்குப் பிறகு.

"பீரங்கி வெடிச்சு எரிஞ்சுபோச்சுன்னு சொல்றது நிஜமா?"

நிஜம். 1613 ஜூன் 29, எட்டாம் ஹென்றி பற்றிய நாடகம். ராஜா விருந்துக்கு வரும் காட்சியில் மரியாதை வேட்டாகப் பீரங்கி வெடித்தார்கள். குண்டு கிடையாது, ஆனால் அடைத்திருந்த பொருள் எரிந்தபடி பறந்து கூரையில் விழுந்தது. சர் ஹென்றி வொட்டன் என்பவர் சில நாட்களில் எழுதிய கடிதத்தில் அடுத்து நடந்தது இருக்கிறது. முதலில் வெறும் புகை என்று யாரும் சட்டை செய்யவில்லை, கண்ணெல்லாம் நாடகத்தில் இருந்தது. நெருப்பு உள்ளுக்குள் கூரையோடு ஓடி, ஒரு மணி நேரத்துக்குள் முழுக் கொட்டகையும் தரைமட்டமானது. ஒருவருடைய கால்சட்டையில் தீப்பிடித்ததாம். புட்டியில் இருந்த பீரை ஊற்றி அணைத்திருக்கிறார்கள்.

உயிர்ச்சேதம் இல்லை. வெளியேற இருந்தவை குறுகலான இரண்டே கதவுகள் என்று இன்னொரு கடிதத்தில் ஜான் சேம்பர்லின் என்பவர் ஆச்சரியப்படுகிறார். நான் படித்ததிலேயே நெஞ்சைப் பிசைந்த வரி அது. அத்தனை ஜனம், கூரை முழுக்க நெருப்பு, இரண்டே கதவு. எப்படித் தப்பினார்களோ! கம்பெனிக்காரர்கள் அடுத்த வருடமே மறுபடி கட்டிவிட்டார்கள், இந்த முறை ஓட்டுக் கூரை போட்டு.

"ராணிக்கு எதிரா சதி செய்ய இங்க நாடகம் போட்டாங்களாமே?"

சதிகாரர்கள் காசு கொடுத்துப் போடச் சொன்னார்கள் என்பது சரி. 1601 பிப்ரவரியில் எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் வந்து, இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்தைப் போடுங்கள் என்று கேட்டார்கள். ஒரு ராஜாவைப் பதவியிலிருந்து இறக்கும் கதை. பழைய நாடகம், கூட்டம் வராது என்று நடிகர்கள் தயங்க, 40 ஷில்லிங் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள். பிப்ரவரி 7 அன்று நாடகம் நடந்தது. மறுநாள் எசெக்ஸ் கிளர்ச்சி செய்தார், ஜனங்கள் பின்னால் வரவில்லை, மாதம் முடிவதற்குள் தலை போனது.

கம்பெனி சார்பில் அகஸ்டின் பிலிப்ஸை விசாரித்தார்கள். மேலே பங்காளிகள் பட்டியலில் சொன்னவரேதான். காசு கொடுத்தார்கள், ஆடினோம் என்ற அளவில் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு விட்டுவிட்டார்கள். எசெக்ஸின் தண்டனை நிறைவேறியதற்கு முந்தைய நாள் இதே கம்பெனி ராணி முன்னால் அரண்மனையில் ஆடியிருக்கிறது.

"ராணி எலிசபெத் க்ளோப்புக்கு வந்து உட்கார்ந்த இடம் எது?"

அப்படி ஓர் இடம் இல்லை. சினிமாவில்தான் ராணி கொட்டகைக்கு வருவார். நிஜத்தில் கம்பெனிதான் அரண்மனைக்குப் போகும். 1603-இல் எலிசபெத் இறந்து ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்ததும் இவர்களை 'ராஜாவின் ஆட்கள்' என்ற பெயரில் தன் கம்பெனியாக்கிக்கொண்டார்.

"இங்க ஷேக்ஸ்பியர் நாடகம் மட்டும்தான் ஆடினாங்களா?"

ஒரே நாடகத்தைத் தொடர்ந்து ஓட்டும் வழக்கம் அப்போது இல்லை. தினம் ஒன்று மாறும். அந்தப் பசிக்கு ஒருவர் எழுதிக் கட்டாது. பென் ஜான்சன் எழுதியவை இங்கே மேடையேறின. வசூலில் பெரிய சாதனை தாமஸ் மிடில்டனுடையது. 1624 ஆகஸ்டில் அவருடைய 'ஒரு சதுரங்க ஆட்டம்' ஒன்பது நாள் தொடர்ந்து ஓடியது. ஸ்பெயின் அரசியலைச் சதுரங்கக் காய்களாக வைத்துக் கிழித்திருந்தார். தினம் மூவாயிரம் பேருக்கு மேல் கூட்டம் என்று ஸ்பெயின் தூதர் கொதித்துப்போய் எழுதினார். அரசு தலையிட்டு நிறுத்தியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1609-லிருந்து, மேலே முடங்கிப்போனதாகச் சொன்ன பிளாக்ஃபிரையர்ஸ் கூடம் கம்பெனிக்கு ஒருவழியாகக் கிடைத்தது. அதன் பிறகு கோடையில் க்ளோப், குளிரில் பிளாக்ஃபிரையர்ஸ் என்று இரண்டு இடத்திலும் ஆடினார்கள்.

"இவ்வளவு கூட்டம் வந்த கொட்டகையை ஏன் மூடினாங்க?"

உள்நாட்டுப் போர் தொடங்கிய நேரம். 1642 செப்டம்பர் 2 அன்று, நாடு துன்பத்தில் இருக்கையில் கேளிக்கை கூடாது என்று நாடாளுமன்றம் எல்லாக் கொட்டகைகளையும் மூட ஆணையிட்டது. கொள்ளை நோய்க்காக மூடுவது அவர்களுக்குப் பழக்கம்தான். 1603-இல் அப்படி மூடியது கிட்டத்தட்ட ஒரு வருடம் நீண்டது. இந்த முறை திறக்கவே இல்லை. மனைக்கு மதிப்பு இருந்தது, ஆடாத கொட்டகைக்கு இல்லை. இடித்து வீடுகள் கட்டினார்கள்.

"போட்டோவும் இல்லை, பிளானும் இல்லை. அப்புறம் எப்படி அச்சு அசலா கட்டினோம்னு சொல்றாங்க?"

அச்சு அசல் என்று கட்டியவர்களே சொல்லவில்லை. சின்னச் சின்னத் தடயங்களைச் சேர்த்துத்தான் கட்டினார்கள். முதலாவது, வென்சஸ்லாஸ் ஹாலர் என்ற ஓவியர் இன்றைய சதர்க் பேராலயத்தின் கோபுரத்திலிருந்து பார்த்து வரைந்த லண்டன் காட்சி. 1647-இல் அச்சான அந்தப் படத்தில் இரண்டாவது க்ளோப் இருக்கிறது. ஆனால் பெயர் எழுதும்போது க்ளோப்பையும் பக்கத்தில் இருந்த கரடிக் கொட்டகையையும் மாற்றி எழுதிவிட்டார்கள்! அதை நம்பி நெடுநாள் தவறான கட்டடத்தைப் பார்த்து க்ளோப் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, ஃபார்ச்சூன் என்ற இன்னொரு கொட்டகைக்காக 1600-இல் எழுதிய ஒப்பந்தம். கட்டியவர் அதே பீட்டர் ஸ்ட்ரீட். மேடை 43 அடி அகலம் என்பது போன்ற அளவுகள் அதில் இருக்கின்றன, பல இடங்களில் 'க்ளோப்பில் உள்ளது போலவே' என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே க்ளோப் நின்றதால் அது போதும், நமக்கு வயிற்றெரிச்சல். மூன்றாவது, ஸ்வான் கொட்டகையின் உட்புறத்தை டச்சுக்காரர் ஒருவர் வரைந்த படத்தின் நகல். அந்தக் காலத்துத் திறந்தவெளிக் கொட்டகையின் உட்புறத்தைக் காட்டும் ஒரே நேரடிப் படம் அது.

நான்காவது மண்ணுக்குள்ளிருந்து வந்தது. 1989-இல் முதலில் ரோஸ் கொட்டகையின் அடித்தளமும், அதே வருடம் க்ளோப் அடித்தளத்தின் ஒரு துண்டும் தோண்டி எடுக்கப்பட்டன. அந்தத் துண்டில் சுவர் திரும்பும் கோணத்தை வைத்து, வட்டமாகத் தெரிந்த கொட்டகை உண்மையில் பல பக்கங்கள் கொண்டது, இருபது பக்கமாக இருக்கலாம், குறுக்களவு நூறு அடி இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். புதுக் கட்டடம் அப்படித்தான் இருக்கிறது. பழையது அதைவிடச் சின்னது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. ஒரு துண்டு சுவரிலிருந்து முழு வட்டத்தைப் போடும்போது ஓரிரு பாகை மாறினாலும் கட்டடமே மாறிவிடுமே.

"தோண்டினா தெரிஞ்சிடும்ல? ஏன் முழுசா தோண்டலை?"

முன்பு சொன்ன ஆங்கர் டெரஸ் குறுக்கே நிற்கிறது. அது 1830-களில் கட்டியது, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம். இடிக்கக் கூடாது. க்ளோப்பின் பெரும்பகுதி அதன் அடியிலும் தெருவின் அடியிலும் கிடக்கிறது, வெளியே தெரிந்தது மிகச் சிறிய பகுதி. ஒரு பழைய கட்டடத்தைக் காப்பாற்ற இன்னொரு பழைய கட்டடம் மண்ணுக்குள் காத்திருக்கிறது. மண்ணுக்குள் இருப்பது கெட்டுப்போகாமல் இருக்கும் என்பதுதான் எனக்கு ஆறுதல்.

"இங்கிலீஷ்காரங்க கட்டாம ஒரு அமெரிக்காக்காரர் ஏன் கட்டணும்?"

சாம் வானமேக்கர், சிகாகோவில் பிறந்த நடிகர். 1949-இல் முதல்முறை லண்டன் வந்தபோது க்ளோப்பைத் தேடிப் போனார். கிடைத்தது ஒரு மது ஆலைச் சுவரில் கறுத்துப்போன வெண்கலப் பலகை மட்டும். அமெரிக்காவில் இடதுசாரிகளை வேட்டையாடிய காலம், இவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1970-இல் அறக்கட்டளை தொடங்கினார். இருபது வருடத்துக்கு மேல் பணம் திரட்டுவதும் பேச்சுவார்த்தையும்தான். மனை தொடர்பாக உள்ளூராட்சியுடன் நீதிமன்றம் வரை போனது, 1986-இல் வழி பிறந்தது.

1993 டிசம்பரில் அவர் இறந்தபோது கட்டடம் பாதிகூட எழவில்லை. கட்டடக் கலைஞர் தியோ கிராஸ்பியும் அடுத்த வருடம் போய்விட்டார். 1997-இல் திறந்தபோது ஐந்தாம் ஹென்றி நாடகத்தின் முதல் வரிகளை மேடையில் பேசியது வானமேக்கரின் மகள் ஸோயி. அந்த முன்னுரையில்தான் நாடகம் நடக்கும் கொட்டகையை 'மர வட்டம்' என்று ஷேக்ஸ்பியர் குறிப்பிடுகிறார்.

"ஒருதடவை எரிஞ்சும் இந்தப் புதுக் கட்டடத்துக்கு மறுபடி ஏன் நாணல் கூரையே போட்டாங்க? பயமா இல்லையா?"

1599-இல் இருந்தது வேய்ந்த கூரைதான் என்று பிளாட்டர் சொல்லிவிட்டாரே, அதனால் நாணல் கூரையே வேய்ந்தார்கள். 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் அனுமதிக்கப்பட்ட முதல் வேய்ந்த கூரை இது. அண்ணாந்து பார்த்தால் கூரை முகட்டில் வரிசையாகச் சின்னக் குழாய் முனைகள் தெரியும். தீப்பிடித்தால் தண்ணீர் பீய்ச்சுவதற்கு. வாசல்களும் இரண்டோடு நிற்கவில்லை. சேம்பர்லின் பார்த்தால் நிம்மதியடைவார்.

"தமிழ்ல இங்க நாடகம் நடந்திருக்கா?"

2012-இல் 37 நாடகங்களை 37 மொழிகளில் போட்ட விழா ஒன்று நடந்தது. இந்தி, குஜராத்தி, வங்காளம், உருது எல்லாம் மேடையேறின. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. எனக்கு இன்றும் அது குறைதான். முற்றத்தில் நின்று தமிழில் லியர் கேட்க வேண்டும் என்று ஆசை.

"மழை பெய்ஞ்சா என்ன பண்றது? எந்த டிக்கெட் எடுக்கலாம்?"

மழை பெய்தாலும் நாடகம் நடக்கும். முற்றத்தில் குடை விரிக்க விடமாட்டார்கள், பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்பதால். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முட்டிவலி உள்ளவர்கள், குழந்தையோடு வருபவர்கள் மாடத்தில் உட்காருங்கள். வெறும் மரப் பெஞ்சு, மெத்தை வாடகைக்குக் கிடைக்கும், தயங்காமல் வாங்குங்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது நிற்கிற டிக்கெட்தான். விலையும் குறைவு. குளிர்காலத்தில் வருகிறீர்கள் என்றால் இதே வளாகத்தில் சாம் வானமேக்கர் பெயரில் 2014-இல் திறந்த உள்ளரங்கம் இருக்கிறது. 340 பேர் அளவில் உட்காரும் அந்தக் காலத்து மாதிரிக் கூடம், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடிப்பார்கள். பிளாக்ஃபிரையர்ஸ் போன்ற இடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று அங்கே தெரிந்துகொள்ளலாம்.

"மேடையில இருக்கற அந்த ரெண்டு தூண் மறைக்குதே. நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சா?"

ஸ்வான் படத்தில் இரண்டு தூண்கள் மேடை மேலேயே நிற்கின்றன, அதனால் இருந்தது உறுதி. எந்த இடத்தில் என்பதில்தான் தகராறு. 1996-இல் தற்காலிக மேடை போட்டு ஆடிப் பார்த்தபோது, தூண்கள் நிற்கும் இடம் சரியில்லை என்று நடிகர்கள் சொன்னார்கள். அறிஞர்களுக்கும் அவர்களுக்கும் நீண்ட வாதம் நடந்தது, நிரந்தர மேடை கட்டும்போது தூண்களின் இடம் மாறியது.

நடிகர்கள் இப்போது அந்தத் தூண்களை விடவே மாட்டார்கள். ஒட்டுக் கேட்பவர் அதன் பின்னால் ஒளிவார், காதலர்கள் அதில் சாய்வார்கள், இரண்டையும் சுற்றி நடந்தே பேசுவதால் யாருக்கும் வெகுநேரம் மறைக்காது. கதவு திறந்ததும் நேராகப் போய் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், நடுவில் வேண்டாம், ஏதாவது ஒரு மூலை. சாய்ந்துகொள்ள மேடை விளிம்பு கிடைக்கும், கால் வலிக்காது. நடிகர் முன்னால் வந்தால் அவருடைய செருப்பு உங்கள் கைக்குப் பக்கத்தில் இருக்கும்.